மேல்மாடியில் ஒரு கதிரை

போன வாரம் எங்கள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று, ஹாலில் பாதி கார்ப்பெட் ஊறிப்போயிற்று. மனைவி துண்டும் வாளியுமாக ஓடிக்கொண்டிருக்க, நான் குனிந்து ஈரத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். திட்டு விழுந்தது, நியாயமான திட்டுதான். ஆனால் அந்த வாடையோடு கொஞ்சம் பழைய பீர் நெடியைச் சேர்த்துப் பாருங்கள், நியூடவுன் பக்கத்துப் பப் ஒன்றின் மேல்மாடி வந்துவிடும். சிட்னியில் என் முதல் இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் கழிந்தன.

கூட்டிப்போனவன் குகன். யாழ்ப்பாணத்துக்காரன், ஆபீசில் எனக்கு அடுத்த மேசை. பெரிய அரங்குகளின் டிக்கெட் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இங்கே ஒரு பிட்சா விலைக்கு நாடகம். கீழே குடிக்கிறவர்கள், மேலே நாற்பது நாற்காலி, ஒரு கறுப்புத் திரை, நாலு விளக்கு. முன்வரிசையில் உட்கார்ந்தால் நடிகரின் எச்சில் நம்மேல் தெறிக்கும். அந்த ஊர் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். பக்கத்தில் இருப்பவர் சிரித்ததைப் பார்த்து, அரை விநாடி கழித்து நானும் சிரிப்பேன். குகன் முழங்கையால் இடிப்பான்.

அங்கே ஒரே ஒரு சட்டம் உண்டு. கதவு மேடையை ஒட்டி இருந்ததால், நாடகம் தொடங்கியதும் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் திரும்ப வேண்டியதுதான். அப்படித் திரும்பியவர்களைப் பார்த்து நானே எத்தனையோ முறை இளித்திருக்கிறேன்.

பார்த்துப் பார்த்து குகனும் ஒரு நாடகம் எழுதினான். அதே மாடியில் சின்ன நாடக விழா ஒன்றில் ஒரேயொரு காட்சி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. ஒரு நாற்காலி, அவன் பேச்சில் கதிரை; விசா நேர்காணல், இரண்டு பேர் குரலும் அவனே. அதிகாரி "மிஸ்டர் கனகசபை" என்று கூப்பிடுவார். நமக்கெல்லாம் இங்கே அப்பா பெயர்தானே குடும்பப் பெயர்? இவன் பதறி எழுந்து, சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அப்பா எங்கே நிற்கிறார் என்று திரும்பித் தேடுவான். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை எழமாட்டான். உட்கார்ந்தபடியே, "யெஸ்" என்பான். அவ்வளவுதான் நாடகம்.

"வெள்ளைக்காரருக்கு இது விளங்காது மச்சான். எங்கட ஆக்கள் பத்துப் பேர் முன்னுக்கு இருந்து சிரிச்சாத்தான் மற்றவையும் சிரிப்பினம். நீ கூட்டிக்கொண்டு வா."

கூட்டிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவன் முன்வரிசையில் தாள் ஒட்டி இடம் பிடித்து வைத்தான்.

பன்னிரண்டு பேரை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கூடச் சொல்லியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து பூஜை நீண்டது. பிறகு பிரசாத வரிசை. கிளம்பலாம் என்று பெரியவர்களிடம் சொல்ல எனக்குக் கூச்சம். ஒரு அங்கிள் நேரம் கேட்டபோது, "அஞ்சுன்னா அஞ்சரைக்குத்தான் அங்கிள் ஆரம்பிப்பாங்க" என்றேன். எந்த வாய் அப்படிச் சொன்னதோ, அது என் வாய்தான். நம் விழாக்களின் கணக்கு அது. அந்த மாடியின் கணக்கு எனக்கு நன்றாகவே தெரியும்.

போய்ச் சேர்ந்தபோது ஐந்தே கால். படிக்கட்டில் நின்ற பெண் அன்பாகவே தலையாட்டி மறுத்துவிட்டாள். பட்டுப்புடவையும் திருநீறுமாக நாங்கள் பாருக்குள், குதிரைப் பந்தயம் ஓடும் டிவிக்கு அடியில் நின்றோம். தலைக்கு மேலே குகனின் குரல். பெயர் கூப்பிடப்பட்டது. கதிரை கிரீச்சிட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மறுபடி கிரீச்சிட்டது, மறுபடி ஒன்றுமில்லை. அந்த மௌனம் எங்கள் சிரிப்புக்காக அவன் விட்டிருந்த இடம் என்று கீழே எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாம் முறை கதிரைச் சத்தமும் இல்லை.

இறங்கி வந்தவன் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான். "பரவாயில்லை மச்சான். சாப்பிட்டிட்டியளோ எல்லாரும்?" என்றான். யாரோ சர்க்கரைப் பொங்கல் டப்பாவை அவன் கையில் திணித்தார்கள். நின்றபடியே முழுவதும் சாப்பிட்டான். மன்னிப்பைத் தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். இன்னும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. மெல்பர்ன் போய், ஸ்பிரிங்வேலில் வீடு வாங்கிவிட்டான். பொங்கலுக்கு போனில் பேசுவோம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வட்டி. ஒரு முறை அந்தப் பிரதியைக் கேட்டேன். "வீடு மாறேக்க துலைஞ்சு போச்சு" என்றான், லேசாகத்தான் சொன்னான். அந்த மாடியில் இப்போது குளியலறை வைத்த வாடகை அறைகள். நான் எங்கே போனாலும் அரை மணி முன்னதாகப் போய் நிற்கிறேன். கல்யாண வீட்டுக்காரர்களே இன்னும் வந்திருக்க மாட்டார்கள்.

கார்ப்பெட்டைத் துடைத்து முடித்த பிறகு, மனைவியின் கோபம் தணியட்டும் என்று குகன் பதறி எழும் அந்தக் கட்டத்தை நடித்துக் காட்டினேன். நாற்காலியைக் கிரீச்சிட வைத்து எழுந்து, ஸ்குரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும் அளவுக்கு. அன்று பாரில் நின்ற பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி.

சிரிப்பு அடங்கியதும் கேட்டாள், "இதுதானா அன்னிக்கு மேல நடந்தது?"

"ஆமா" என்றேன்.