அப்பா மாட்டிய ஆக்சில்

என் மாமா மேடையில் ஏறினால் மைக் தேவையில்லை. அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். சிறுவயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய், நாலு வீடு தாண்டி நடந்தாலே மூச்சு வாங்கும். ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டாரானால், அடேயப்பா, பிடிக்க ஆள் கிடையாது! எட்டாத கால் எட்டுவதற்காக இடது பெடலின் மேல் ஒரு பலாக்கட்டையைக் கம்பி போட்டு இறுக்கியிருப்பார். பாறசாலைப் பக்கத்தில் அந்தக் கட்டைச் சைக்கிளைத் தெரியாத பிள்ளை இல்லை. அதன் முன்கம்பியில் உட்கார்ந்து போகிற பாக்கியம் எனக்கு இருந்ததால், எட்டு வயதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அது எல்லைப் போராட்டக் காலம். தமிழ் பேசுகிற தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். எங்களை ஆண்ட மலையாளச் சர்க்கார் முடியாது என்றது. எங்கள் ஊரோ இரண்டு மொழிக்கும் நடுவில் கிடந்தது. கோயிலில் தமிழ்ப் பாட்டு, கடையில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். அப்பா நெய்யாற்றின்கரையில் சர்க்கார் குமாஸ்தா. பகலெல்லாம் மலையாளத்தில் எழுதிவிட்டு வந்து, சாயங்கால ஜெபத்தைச் சுத்தத் தமிழில் நடத்துவார். எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் இருமுவார். மாமாவுக்கு இருமலெல்லாம் கிடையாது. முழுத் தமிழ்நாடு.

புதன்கிழமை மார்த்தாண்டத்தில் ஊர்வலம் என்று முடிவாயிற்று. மாமா சைக்கிளில் கொடி கட்டி முன்னால் போவதாக ஏற்பாடு. நான் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லாத ஆளில்லை. அப்போது பார்த்து, ஒரு ஏற்றத்தில் மாமா எழும்பி நின்று மிதித்தபோது, இரண்டு பெடல் தண்டுகளையும் கோர்த்துக்கொண்டு நடுவில் சுற்றுகிற இரும்புத் தண்டு, ஆக்சில் என்பார்களே, அது இரண்டாக ஒடிந்துபோயிற்று. பஸ்களும் ஓடாத நேரம். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தார்.

அம்மாவுக்கு உயிர் வந்தது. மார்த்தாண்டத்தில் துப்பாக்கியோடு போலீஸ் வந்து இறங்கியிருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. அன்று அடுக்களையில் அவள் அப்பாவிடம் கெஞ்சியது எனக்கும் கேட்டது.

"போவண்டாம்னு நீங்க ஒரு வார்த்த விலக்கப்பிடாதா? வெடி வச்சா எல்லாரும் ஓடுவினும். அவனுக்கு ஓட ஏலுமா?"

"நான் விலக்கினா அவன் அந்நேரமே பெட்டிய எடுத்துட்டு எறங்குவான்" என்றார் அப்பா. "மறந்துபோச்சா உனக்கு?"

மறக்கிற காரியமா அது! முன்பொருமுறை, தினமும் நேரம் கழித்து வருகிறாயே என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அக்காள் புருஷன் வீட்டில் சோறு தின்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மாமா பெட்டியோடு அம்பூரி மலைக்குப் போய், தெரிந்தவர் ஒருவரின் ரப்பர் தோட்டத்தில் தங்கிவிட்டார். அப்பா நேரில் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வரும்வரை அம்மா அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகு மாமாவை எதற்காகவும் விலக்குவதில்லை என்பது வீட்டில் எழுதாத சட்டமாகிவிட்டது.

விலக்காதது போகட்டும், சைக்கிளை நானே சரியாக்கித் தருகிறேன் என்று அப்பா முன்வந்ததுதான் அம்மாவுக்குத் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா அசரவில்லை. ஒடிந்த துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய், சாயங்காலம் புது ஆக்சிலோடு வந்தார். முற்றத்தில் உட்கார்ந்து, வேட்டியெல்லாம் கிரீஸாக, பேரிங் குண்டுகளைப் பொறுக்கிப் பதித்து மாட்டினார். மாமா ஏறி ஒரு மிதி மிதித்தார். சங்கிலி ஓடுகிற பல்சக்கரம் பிரேமில் உரசிக் கிரீச்சென்று நின்றது.

"நீளம் போதாது" என்றார் அப்பா.

மறுநாள் வேறொரு ஆக்சில். அதே கிரீச். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"குழித்துறைக் கடையில கேட்டுப் பாப்பமா அத்தான்?" என்றார் மாமா.

"எலே, இது சீமை சைக்கிளாக்கும். கண்டதப் போட்டா பிரேம் போவும். பொருந்தினதத்தான் போடணும்."

"செரி அத்தான். நீங்க பாத்துப் போடுங்க."

செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஆக்சிலும் உரசியது. அன்றைய ஜெபத்தில் நான் சைக்கிள் சரியாக வேண்டும் என்று கர்த்தரிடம் மன்றாடினேன். பக்கத்தில் அதே பாயில் முழங்காலிட்டு அம்மா அது சரியாகக் கூடாது என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். கர்த்தர் பாடு திண்டாட்டம்தான்.

புதன் காலையில் மாமாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் சைக்கிளோடு வந்தார்கள். "கேரியர்ல ஏறுங்க அண்ணே, நாங்க மிதிக்கோம்."

மாமா சிரித்தார். "கொடி பிடிக்கவன் கேரியர்ல குந்தியிருந்து போனா பாக்க நல்லாவா இருக்கும்? நீங்க போங்க மக்கா. இத செரியாக்கிட்டு நான் பின்னால வாறேன்."

என்ன ஒரு ரோஷம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா அன்று லீவு போட்டுவிட்டு, அந்த ஆக்சிலைக் கழற்றுவதும் துடைப்பதுமாக இருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் செய்தி வந்தது. மார்த்தாண்டத்தில் வெடிவைப்பு, போலீஸ் கூட்டத்தைச் சுட்டுவிட்டது. கூட்டாளிகள் இருவரும் திரும்பி வந்தார்கள், ஒருவருக்குத் தோள்பட்டையில் லத்தியடி. திரும்பாதவர்களும் உண்டு. அம்மா மாமாவின் தலையைப் பிடித்துத் தன் மடியில் அமுக்கிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் அப்பா மறுபடி முற்றத்தில் உட்கார்ந்தார். ஆக்சிலை உருவினார், கையில் வைத்துப் பார்த்தார், திரும்ப மாட்டினார். பெடலைச் சுற்றிவிட்டார். ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றியது.

"புது ஆக்சிலா அப்பா?"

"போய்ப் படி பிள்ளே" என்றார்.

படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்தார். கிரீஸ் கையோடு நின்ற அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்து, "அத்தான்" என்றார். அப்புறம் வாய்விட்டு அழுதார். ஊர்வலத்துக்குப் போக முடியாத துக்கம் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து அழுதேன். அப்பாவின்மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஒரு ஆக்சில் மாட்டத் துப்பில்லை, நேரத்துக்கு!

அது பிறகு குடும்பக் கதையாயிற்று. நாலு பேர் கூடினால் மாமா ஆரம்பித்துவிடுவார்: "எனக்க அத்தானுக்கு எழுத்துவேல அத்துப்படி. சைக்கிள்வேல மட்டும் வராது." எல்லாரும் சிரிப்போம். அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். ஒருநாளும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் கலியாணமாகிக் காஞ்சிரங்குளத்துக்குப் போய், அப்பாவும் காலமான பிறகு, என் மகன் முற்றத்தில் தன் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தான். ஆக்சிலை எடுத்துப் பார்த்தேன். ஒரு முனை கூடுதல் நீளம், மறுமுனை குறைவு. ஏன் என்று கேட்டேன். நீளமான முனை பல்சக்கரம் இருக்கிற பக்கம் வரணும், திருப்பிப் போட்டால் சக்கரம் பிரேமில் உரசும் என்றான். ஆக்சிலைக் கையில் வைத்துக்கொண்டே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள்! கிரீஸில் புரண்டு, பெண்டாட்டியின் முகச்சுளிப்பையும் என் ஆத்திரத்தையும் வாங்கிக்கொண்டு, வாய் திறந்து விலக்காமல் என் அப்பா விலக்கியிருக்கிறார். அப்பா, என் தங்கமே, என்று அன்று அழுத அழுகை கொஞ்சமல்ல.

மாமாவின் விஷயம் பிடிபட இன்னும் சில நாளாயிற்று. ஆக்சிலைத் திருப்பி மாட்டினால் இடது பெடல் வழக்கத்தைவிட வெளியே தள்ளி நிற்கும். நமக்கெல்லாம் அது தெரியாமல் போகலாம். கட்டை வைத்து அளந்து மிதித்துப் பழகிய காலுக்கு முதல் மிதியிலேயே தெரிந்திருக்கும். அந்த மனுஷன் மூன்று முறை ஏறினார், மூன்று முறை மிதித்தார், "நீங்க பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எட்டு வயதில் எனக்கு என் மாமா பயப்படுவார் என்றே தெரியாது.