கஞ்சித் தொட்டி வண்டி

டாக்சி ஸ்டாண்டு தலைவரே, நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொன்ன தப்பு இல்லை. தெரிந்தே சொன்ன பொய். அதைக் கேட்டுவிட்டு, நன்றாக ஓடுகிற என் வண்டியை நானே ஏழு வருஷம் சந்தேகப்பட்டேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆந்திராவில், சித்தூர் பக்கத்துக் கங்காதர நெல்லூருக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. என் நைனா அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறித்தவர். எங்களுக்கு நிலம் கிடையாது. அரசாங்கம் புறம்போக்கைப் பிரித்துப் பட்டா கொடுத்தபோது இரண்டு ஏக்கர் கல்லும் முள்ளும் எங்கள் பங்குக்கு வந்தது. நைனாவும் அம்மாவும் கல் பொறுக்கி மாங்கன்று வைத்தார்கள். அது காய்க்கிற வரைக்கும் துன்ன வேண்டுமே. நான் மெட்ராஸ் போய் லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். ஊரில் பாதிப் பேர் அந்த வருஷங்களில் மெட்ராசுக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிட்டார்கள். அதுவரை ரோட்டில் இரண்டு மூன்று ரக வண்டிதான் ஓடும். திடீரென்று பெயர் வாயில் நுழையாத வண்டியெல்லாம் வர ஆரம்பித்தது. ஓட்டக் கற்றுக்கொண்டு திருப்பதிக்கு வந்தேன்.

பதினோரு வருஷம் ஒரு முதலாளியின் டாக்சியை ஓட்டினேன். திருமலை, திருச்சானூர், காளஹஸ்தி, காணிப்பாக்கம். வண்டி அவருடையது, முதுகுவலி என்னுடையது. அவர் வயதாகி வண்டியை விற்றுவிட்டார். இன்னொரு முதலாளியைத் தேட வேண்டும், இல்லையென்றால் சொந்த வண்டி வாங்க வேண்டும். எனக்கு நாற்பது வயது. இப்போது வாங்காவிட்டால் கடைசி வரைக்கும் அடுத்தவரிடம் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டுதான் நிற்பேன். வாங்கின வண்டி சரியில்லாமல் போனாலும் அதே கதிதான். பேங்க் இன்னொரு தடவை என்னை உள்ளே விடாது.

பைபாஸ் ரோட்டில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் ஷோரூம் இருந்தது. எட்டுப் பேர் உட்காரும் வண்டி. மொட்டை போட வருகிற குடும்பம் எட்டுப் பேருக்குக் குறைந்து வராது. மலை ரோட்டுக்கு இழுவை வேண்டும், அதுவும் இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், இறங்க மனசில்லை. விலையையும் குறைத்துச் சொன்னார்கள். ஏன் குறைவு என்று கேட்டால், "ஆஃபர் சார்" என்றான் ஷோரூம்காரன். என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

காரணம் டி.வி.யில் வந்ததுதான். அந்தக் கம்பெனி அதன் சொந்த நாட்டில் திவாலாகி, அந்த நாட்டு அரசாங்கம் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தியிருந்தது. அப்படிப்பட்ட கம்பெனி வண்டியை வாங்கலாமா, கூடாதா? தலைவரிடம் கேட்டேன். ஸ்டாண்டில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். வெதுருகுப்பத்துக்காரர். தெலுங்கு கலக்காமல் அவருக்குத் தமிழ் வராது.

"வத்துரா தம்பி, வேணாம்," என்றார். "கம்பெனியே கவர்மெண்டு கால புடிச்சிக்கினு நிக்குது. நம்ம சர்க்கர ஆலைய கவர்மெண்டு காப்பாத்திச்சே, இன்னா ஆச்சு? இப்ப கேட்டாண்ட ஆடு மேயுது. நாளைக்கு உனுக்கு ஒரு கிளட்ச் பிளேட்டு வேணும்னா அமெரிக்கா ஜனாதிபதியாண்ட போய் நிப்பியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய என் மாமனார் பட்ட பாடு எனக்குத் தெரியும். அரசாங்கம் கை கொடுத்தது, மூன்று சீசன் ஓடியது, பிறகு பூட்டு. எங்களுக்குத் தெரிந்த காப்பாற்றுதல் அவ்வளவுதான்.

தலைவர் என் தோளில் கை போட்டு, "எம் மாப்ளைக்கு ஒரு வண்டி வருது. நீயே ஓட்டு. உனுக்கு ஒரு தலவலியும் இல்ல," என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். என்ன வண்டி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் ஆக்டிங் டிரைவராக, கூப்பிட்டவர் வண்டியை ஓட்டினேன்.

அப்படி ஓட்டிய ஒரு நாள், அமெரிக்காவில் வேலை பார்க்கிற ஒருவர் குழந்தைக்கு மொட்டை போட வந்தார். காஞ்சிபுரம் பக்கம் சொந்த ஊராம். மலையிறங்கும்போது கேட்டேன்.

"சார், உங்க கவர்மெண்டு அந்தக் கம்பெனிய நெஜமாவே காப்பாத்திச்சா?"

"ஆமாங்க, என் வரியிலயும்தான். ஏன், வண்டி வாங்கப் போறீங்களா?"

"வாங்கலாமா?"

"நான் அவங்க வண்டிதான் வச்சிருக்கேன். ஆனா அங்க விக்கிறது வேற, இங்க விக்கிறது வேற. தெரியாத விஷயத்துல நான் வாய விடக் கூடாது."

நான் கேட்ட அத்தனை பேரில் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரியிடம் புலம்பினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கவர்மெண்டு தூக்கிவிட்ட கம்பெனியிடம் எப்படி வாங்குவது என்றேன்.

"நம்ம நெலம் யார் குட்த்தது?" என்றாள்.

"கவர்மெண்டு."

"இந்த வூடு?"

"அதுவும்தான்."

"பத்தாவது வரிக்கும் உனுக்கு ஹாஸ்டல்ல சோறு போட்டது?"

"ஹாஸ்டலும் கவர்மெண்டுதான்."

"நம்பளே கவர்மெண்டு தூக்கி உட்ட கம்பெனிதான்யா. பங்காருபாளையம் மண்டில நம்ம மாங்காய வாங்க வர்றவன், இது பட்டா நெலத்து மாங்காயான்னு கேக்குறானா? மோந்து பாக்குறான், அழுத்திப் பாக்குறான், வாங்கினு போறான். நீயும் போய் வண்டிய மோந்து பாரு. புடிச்சா வாங்கு. இல்லன்னா மாப்ள வண்டிய ஓட்டு. என் உயிர எடுக்காத."

அடுத்த வாரம் வாங்கிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஆயுத பூஜை. ஸ்டாண்டில் எல்லா வண்டியையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, வரிசையாக நிறுத்தி மைக் வைப்பார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து என் வண்டியைக் காட்டினார். "நம்ம தம்பி கஞ்சித் தொட்டி வண்டி வாங்கினு வந்துக்குறாரு. பாவம், ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்திட்டுப் போங்க." பஞ்ச காலத்தில் வேலையில்லாதவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்களே, அந்தத் தொட்டி. ஸ்டாண்டே சிரித்தது. அன்றிலிருந்து அதுதான் என் வண்டிக்குப் பெயர். "கஞ்சித் தொட்டி, உனுக்கு சவாரி வந்துக்குது" என்று பக்தர்கள் எதிரிலேயே கத்துவார்கள்.

வண்டி ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. நான்தான் சும்மா இருக்கவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் இறங்கிப் பார்ப்பேன். ஒரு தடவை மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் பின்னால் டொக் டொக் என்று கேட்டது. ஆக்சில் போச்சு என்று ஓரங்கட்டி எட்டுப் பேரையும் இறக்கிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். சீட்டுக்குக் கீழே ஒரு தேங்காய் உருண்டுகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரப் பாட்டி என்னைத் திட்டிக்கொண்டே எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். ஏழு வருஷமும் நான் வண்டி ஓட்டியது அந்த மாதிரிதான்.

பிறகு அந்தக் கம்பெனி நம் நாட்டில் வண்டி விற்பதை நிறுத்தப் போவதாகப் பேப்பரில் வந்தது. தலைவர் அதை டீக்கடையில் சத்தமாகப் படித்து, "செத்துச்சுரா கஞ்சித் தொட்டி" என்றார். அந்த மாதமே என் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. அவர் அன்று சொன்ன அதே கிளட்ச் பிளேட்டு. திருப்பதியில் இரண்டு கடைகளில் இல்லை என்றார்கள். சித்தூரில் ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், மெட்ராஸிலிருந்து வரவழைக்கலாம், நாலு நாள் கழித்து வா என்றார் கடைக்காரர். அந்த நாலு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. மாப்பிள்ளை வண்டிக்கு இப்போதாவது டிரைவர் வேண்டுமா என்று போய்க் கேட்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார்.

"எனக்கு ஒண்ணு போதும்ணா."

"ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு உங்க ஸ்டாண்டு தலைவருது. திருப்பதிலயே மாத்திக்கிறேன்னாரு, அப்டியே எடுத்துக்கினு போய்க் குட்த்துடு."

"அவரு வண்டி வேற கம்பெனி ஆச்சே."

"அது அங்க நிக்கிற வண்டி. இது மாப்ள வூட்டுல, இங்க சித்தூர்ல ஓடுது. உன்னுது மாதிரியே, கலரு மட்டும் வேற. அந்த வருசம் மாங்கா சீசன்லயே எடுத்துட்டாரு. ஆஃபர்ல தட்டிட்டேன்னு சொல்லி எனக்கு ஸ்வீட்டு கூட குட்த்தாரு."

"எந்த வருசம்?"

சொன்னார். என்னை வாங்க வேண்டாம் என்று சொல்லி, மாப்பிள்ளை வண்டியை ஓட்டக் கூப்பிட்ட அதே சீசன்.

கோபம் அப்புறம்தான் வந்தது. அங்கே நின்றபோது வந்தது நிம்மதி. சைக்கிள் வாங்கினால்கூட நாலு தடவை டயரைத் தட்டிப் பார்க்கிற ஆள் எங்கள் தலைவர். அவரே பணம் போட்டு வாங்கி ஏழு வருஷம் ஓட்டுகிறார் என்றால் வண்டி நல்ல வண்டி. நான் ஏமாறவில்லை. கல்லாப்பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கடைக்காரர் பயந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். எதிர் ஓட்டலில் நாலு தோசை தின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.

பெட்டியைக் கொண்டுபோய்த் தலைவர் கையில் கொடுத்தேன். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

"இது மாப்ள வண்டிது, தம்பி," என்றார்.

"தெரியும்ணா. நான் ஓட்ட வேண்டிய வண்டி."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஸ்டாண்டுல பேசிக்கினு திரியாத," என்று மட்டும் சொன்னார்.

தலைவரே, என் கிளட்ச் மாற்றியாகிவிட்டது. நேற்றுகூட எட்டுப் பேரோடு மலை ஏறி இறங்கினேன். ஒரு சத்தத்துக்கும் நான் காது கொடுக்கவில்லை. சாவி என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதனால் இதை வயிற்றெரிச்சலில் எழுதவில்லை. ஆனால் இன்றைக்கும் ஸ்டாண்டில் மூன்று பேர் ஆக்டிங் ஓட்டிக்கொண்டு, சொந்த வண்டி வாங்கலாமா என்று உங்களிடம்தான் யோசனை கேட்கிறார்கள்.

வருகிற ஆயுத பூஜைக்கு மாப்பிள்ளை வண்டியையும் கழுவிக் கொண்டுவந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். என்னைப் பார்த்து மைக்கில் சிரித்தீர்கள், மைக்கிலேயே பதில் சொல்லுங்கள். கெட்ட வண்டி என்றால் நீங்கள் ஏன் வாங்கினீர்கள்? நல்ல வண்டி என்றால் என்னை ஏன் வாங்க வேண்டாம் என்றீர்கள்? அந்த மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.