டேவி வீட்டு மூடிய தட்டு

போன செவ்வாய்க்கிழமை லாஸ் கொலினாஸில் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தும்போது நண்பன் முரளி செல்போனில் கூப்பிட்டான். "டேவி போயிட்டார்டா. ஹார்ட் அட்டாக். சாட்டர்டே பியூனரல். நீ லீவ் அப்ளை பண்ணிடு" என்றான். இர்விங் ஊர்த் தமிழர்களில் டேவியைத் தெரியாதவர்கள் குறைவு. கடல் தாண்டி வந்த நம்மில் பாதிப்பேருடைய முதல் சோஃபா அவருடைய பிக்கப் வண்டியில்தான் வீடு வந்து சேர்ந்தது. அவரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தும் நான்தான் எழுதியாக வேண்டும்.

தொண்ணூற்றேழில் நான் வந்து சேர்ந்தபோது எங்கள் டெஸ்டிங் குழுவுக்கு அவர் தலைவர். அவர் மேஜைக்கு மேலே ஒரு கல் கோபுரத்தின் படம் மாட்டியிருக்கும். அரண்மனையா என்று கேட்டேன். "திருட்டுப் பயல்கள் வீடு. என் வீடு" என்றார். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் தொடும் எல்லையில் இருந்த குலம் அவருடையது. தலைமுறை தலைமுறையாக எல்லை தாண்டி மாடு ஓட்டி வந்தவர்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா வந்ததும் அவர் அந்தக் குலத்தில் பலரைத் தூக்கில் போட்டார்; மிச்சம் பேரை நாடு கடத்தினார். "ராஜா எங்களுக்குக் கொடுத்தது கயிறு மட்டும்தான். அதையும் நாங்கள் மறக்கவில்லை" என்பார் டேவி.

ஒவ்வொரு அக்டோபரிலும் குலத்தார் அவர் வீட்டுப் பின்புறம் கூடுவார்கள்; எங்களையும் கூப்பிடுவார். அந்தக் காலத்தில் வீட்டில் இறைச்சி தீர்ந்துவிட்டால் மனைவி ஒரு மூடிய தட்டைக் கணவன் முன்னால் வைப்பாளாம். திறந்தால் உள்ளே சாப்பாடு இருக்காது, குதிரைக்காரன் காலில் மாட்டும் இரும்புக் குதிமுள் இரண்டு இருக்கும். போய் ஓட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். டேவியின் மனைவி ஜீனும் அப்படியே தட்டு வைப்பார். மூடியைத் திறந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் முன்னோர் எதைத் திருடினார்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. டேவியின் கணக்கு ஒன்பது மாடு. நான் முதன்முதலில் போன வருடம் ஒரு கிழவர் தேவாலய மணி என்றார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்தது என் முறை. "எங்க ஃபேமிலியில எல்லாரும் கோயில் பண்டிதர்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். பொய். ஆனால் டேவிக்காகச் சொன்ன பொய் இல்லை அது. பக்கத்தில் முரளி உட்கார்ந்திருந்தான், அவனுக்குப் பக்கத்தில் நீங்கள் சிலர்.

அதைவிடக் கேவலமான ஒன்றை அடுத்த வருடம் செய்தேன். உங்கள் நாட்டில் மாடு பிடித்தவர்கள் உண்டா என்று டேவி கேட்டார். வெட்சிப் பூச் சூடிக்கொண்டு ஆநிரை கவரப் போன வீரர்களைப் பழைய பாட்டுகள் கொண்டாடுகின்றன என்று அளந்தேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அவர்கள் வம்சம் இப்போது எங்கே?"

"யாரும் இல்லை. அழிஞ்சு போச்சு."

"அப்படி ஒரு பேரனைப் பார்த்துக் கைகுலுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்" என்றார். அந்தப் பேரன் அவர் எதிரே உட்கார்ந்து சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து வந்ததும் ஜீன் அதே தட்டை வைத்தார். முறை என்னிடம் வந்தபோது, "இவரை விட்டுவிடுங்கள், பண்டிதர் வீட்டுப் பிள்ளை. டேவிக்கு இவரைப் பற்றி அவ்வளவு பெருமை" என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்கும் தலையாட்டினேன். கிளம்பும்போது அவர் குதிமுள் ஒன்றை என் கையில் வைத்து மூடினார். டேவி எனக்கென்று சொல்லி வைத்ததாம்.

துருப்பிடித்த அந்த முள் இதோ மேஜையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், நான் சொல்லாமல் விட்ட ஒரு பதிலும். முரளி, நீயும் இதைப் படிப்பாய். என் ஊர் மதுரைக்கு மேற்கே. என் தாத்தா பெயர் கருப்பையா. பிறந்த குலத்துக்காகவே வெள்ளைக்காரன் அவரிடம் கைரேகை வாங்கினான். ராத்திரி ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வைத்தான். அவர் எதையும் திருடவில்லை. அவருடைய அப்பா ஓட்டி வந்தார்.

பதினொரு மாடு, டேவி.