ஒரே பெயரில் இரண்டு பதிவுகள்

சில ஆண்டுகளுக்கு முன் மேனாம்பேட்டில், செல்லரித்த பிறப்புப் பதிவேட்டைப் புதிதாகப் படியெடுத்தேன். ஒரே தம்பதிக்கு முனியம்மாள் என்ற பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தன. தேதிகள் வேறாக இருந்ததைக் கவனிக்காமல், மறுபதிவு என்று எண்ணி முதலாவதை விட்டுவிட்டேன். பழைய ஏட்டை எரித்துவிட்டோம்.

பிறகு, மகளைப் பள்ளியில் சேர்க்கச் சான்று வாங்க அந்தத் தாய் வந்தார்.

"மூத்தவ பொறந்த தேதியும் படி நைனா. அது செத்துப்போச்சு. அது பேரத்தான் இவளுக்கு வெச்சேன். இப்ப அது உன் புக்குல மட்டுந்தான் கீது."

பதறிப்போய், ஏட்டைத் தேடுவதுபோல் புரட்டி, "ஆடி பத்து" என்று பொய்யாகப் படித்தேன்.

"நான் தை மாசம்னு நெனச்சிகினு இருந்தேன். புக்குல கீறதுதான் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் ஒரே பெயர் இருமுறை வந்தால், அந்த வீட்டுக்கே போய்க் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன். அவர் வீட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. ஆண்டுதோறும் ஆடி பத்தன்று அங்கே விளக்கேற்றுகிறார்களாம்.