கை உடைந்த டயானா

இடது மார்பை எடுத்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு மச்சாள், என் கணவரின் தங்கை, போன் எடுத்தாள். அவளுடைய மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்திய வீடு வருகிறது. தாய்மாமனின் மனைவி நான். பிள்ளைக்குக் கண்ணூறு கழிக்கும் முதல் ஆலாத்தித் தட்டை நான்தான் பிடிக்க வேண்டும்.

"நீங்கள் களைச்சுப் போவியள். வேற ஆரையாவது விடுவம்," என்றாள்.

அது களைப்பைப் பற்றிய கதை இல்லை. பின்னமான சிலையை நாங்கள் கும்பிடுவதில்லை, கருவறையிலிருந்து எடுத்துவிடுவோம். என்னையும் எடுத்துவிட்டார்கள். கோபத்தில் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அதைவிடக் கேவலம், அவள் நினைப்பது சரிதானோ என்று எனக்கே தோன்றியது.

வீட்டுக்குள்ளேயே கிடந்த என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் நாங்கள் இருக்கும் புறநகரான வென்ட்வேர்த்வில்லில் ரயிலேற்றி நகரத்துக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். பிரான்சிலிருந்து சலவைக்கல் சிலைகள் வந்திருந்தன. அவர் சிலை பார்க்கிற ஆள் இல்லை. சட்டையைப் பார்க்கிற அன்ரிமார் வராத இடம், அவ்வளவுதான்.

நடுவில் டயானா நின்றாள். வேட்டைத் தெய்வம், பதினெட்டாம் நூற்றாண்டில் செதுக்கியது. இடுப்பில் மடிப்பு மடிப்பாக விழுந்த துணியைக் கல்லென்று நம்ப முடியவில்லை. நான் கிட்டப் போகவும் கணவர் சட்டென்று முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச பெரிசா ஒண்டுமில்லை. வாரும், தேத்தண்ணி குடிப்பம்."

"தள்ளுங்கோ."

மனுசன் அசையவில்லை. தோளைப் பிடித்து விலக்கினேன். டயானாவின் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. களவு பிடிபட்டவர் மாதிரி நின்ற அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சிலையைச் சுற்றி வந்தேன். யாரும் புதுக் கை ஒட்டவில்லை. உடைந்த இடத்திலும் விளக்கு வெளிச்சம் விழுந்தது. பென்சிலும் தாளுமாய்த் தரையில் இருந்து படம் கீறிய பிள்ளைகள் அவளைக் கையில்லாமலே கீறினார்கள்.

"எங்கட ஐயர் எண்டால் தூக்கிக் கடலில போட்டிருப்பார்," என்றேன்.

"ஐயருக்குத்தான் நட்டம்," என்றார் கணவர்.

அங்கேயே நீள வாங்கில் உட்கார்ந்து மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"ஆலாத்தி நான்தான் எடுக்கப்போறன். களைச்சால் உங்கட அண்ணர் பிடிப்பார்."

"சாரிக்குச் சட்டை தைக்கக் குடுத்தாச்சோ, மச்சாள்?" என்று கேட்டாள்.

"இனித்தான். இடப்பக்கத்துக்குப் பஞ்சு வைக்க வேண்டாமெண்டு சொல்லப்போறன்."

"அப்ப அண்டைக்கு விடிய வெள்ளண வாங்கோ," என்றாள்.