சத்தம் பத்தல

தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அவிசாவளைப் பக்கம் போனால், ஸப்ரி முதலாளியின் ஹார்ட்வெயார் கடையை ஒட்டி ஒரு சின்னக் கடை இருக்கிறது. வேன், பஸ், த்ரீவீலுக்குப் பாட்டு செட் போடும் கடை. நடத்துகிறவள் சுகந்தினி. முப்பத்தாறு வயது. ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினவர்கள்.

முதலில் அது குஷன் கடையாக இருந்தது. அவள் புருஷன் பிரதாப் வேன் சீட் தைப்பான். கடை முன்னால் மேசை போட்டு ஒருவன் செட் வேலை பார்த்தான். அவன் செய்கிற ஸ்பீக்கர் பெட்டிகளுக்குக் காப்பெட் ஒட்டிக் கொடுப்பது சுகந்தினியின் வேலை. ஒட்டிக்கொண்டே அவன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்றோலுக்கு மூன்று நாள் கியூவில் நின்ற அந்த வருஷத்தில் வாகன வேலை எல்லாம் படுத்துவிட்டது. செட் போடுகிறவன் ஊரை விட்டுப் போனான். பிரதாப் கத்தாருக்குப் போனான். கடையைப் பூட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சுகந்தினி மீட்டரையும் சோல்டரிங் கோலையும் எடுத்துக்கொண்டு அதே மேசையில் உட்கார்ந்தாள்.

ஆரம்பத்தில் வருகிறவர்கள், "முதலாளி இல்லையா?" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். சிங்கள பஸ் டிரைவர்கள், "மஹத்தயா நெத்த?" என்று அதையே கேட்பார்கள். "மம தமய்," நான்தான், என்பாள். சிலர் திரும்பிப் போனார்கள். நின்றவர்களுக்கு அவளுடைய வேலை பிடித்துப்போனது.

எந்த வண்டி வந்தாலும் அவள் முதலில் சாமானைக் காட்ட மாட்டாள். என்ன பாட்டு கேட்பீர்கள், யாரை ஏற்றுகிறீர்கள், பெட்டரி எத்தனை வருஷம் என்று கேட்பாள். அட்டைப் பெட்டியில் ஆயிரத்து இருநூறு வோட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். "அது ஒரு நொடிக்குத் தாங்குறது. விடாம பாடுறப்போ தாங்குறது எவ்வளவுன்னு உள்ள சின்ன எழுத்துல இருக்கும், அதப் பாருங்க," என்பாள். அடிச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்தான் சப். அது தாங்குகிற அளவுக்கு அம்ப், சத்தத்தைக் கூட்டுகிற பெட்டி, கொடுக்க வேண்டும். சின்ன அம்பை வைத்து முறுக்கினாலும் சப் எரிந்துதான் போகும் என்று விளங்கப்படுத்துவாள். பெட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் ஃபியூஸ் வைக்காமல் ஒரு வண்டியையும் அவள் வெளியே விட்டதில்லை. கரண்ட் வயரை வண்டியின் ஒரு பக்கமும் பாட்டு வயரை மறு பக்கமும் இழுப்பாள். சேர்த்து இழுத்தால் எக்ஸலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் வரும்.

நல்லையாவுக்கு அவள் செய்துகொடுத்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் நடந்ததை அவளால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நல்லையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில், பால் கட்டியை நசுக்கித் தகடாக்குகிற ரோலர் மெஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். விலகியபோது கிடைத்த பணத்தில் ஒரு பழைய டொல்பின் வேன் வாங்கி ஸ்கூல் ஹயர் ஓடினார். மேல் டிவிசனிலிருந்தும் கீழ் டிவிசனிலிருந்தும் பதினாலு பிள்ளைகள். பெண்சாதி இல்லை, மகள் அனுஷியாவோடு இருந்தார். பழைய பாட்டுகளில் உயிர். வேனைக் கழுவாமல் ஒரு நாள் ரோட்டில் இறக்க மாட்டார்.

முதல் தடவை வந்தபோது, "சுகந்தி, சத்தம் பத்தல. ஸ்பீக்கர் பழசாயிருச்சு போல," என்றார். கதவுகளில் புது ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தாள். நாலைந்து மாதம் கழித்து வந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா சத்தம் பத்தல," என்றார். ஒரு சின்ன அம்ப் வைத்தாள். அடுத்த வருஷம் தைப்பொங்கல் முடிந்து வந்தார்.

"ஒரு சப் போடுவம் புள்ள. பாட்டு வெறுமையா இருக்கு."

"ஸ்கூல் வேன் மாமா. பெரிசா போட்டா புள்ளைங்களுக்கு வயித்தக் கலக்கும்."

"காலையில புள்ளைங்க ஏறினா பாட்டு போடமாட்டேன். திரும்பி வர்றப்போ தனியா வர்றேன்ல, அப்போதான்."

அவள் இரண்டு நாள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தாள். பன்னிரண்டு இஞ்சி வேண்டாம், பத்து போதும். துளை வைத்த பெட்டி என்றால் அதிரும். வேனின் பழைய தகடு எல்லாம் கூடச் சேர்ந்து ஆடும். அதனால் நாலு பக்கமும் மூடின பெட்டி, கடைசி சீட்டுக்குப் பின்னால், பிள்ளைகளின் பைகள் இடிக்காதபடி. தரையில் பெயின்டைச் சுரண்டி, வெறும் தகடு தெரிகிற இடத்தில் எர்த் அடித்தாள். பாட்டுப் போட்டதும் நல்லையா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தாளம் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்போதான் பாட்டு பாட்டா இருக்கு," என்றார்.

வேலை முடிந்தால் சுகந்தினி போனில் ஒரு சத்தத்தை ஓடவிடுவாள். அடி வயிற்று உறுமலில் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசியில் ஊசி மாதிரி விசிலாகப் போகும். எந்த இடத்தில் எந்தத் தகடு ஆடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அது. அன்றும் ஓடவிட்டாள். உறுமல் போனது, நடுச் சத்தம் போனது, விசில் தொடங்கியது. எதிர்ப்பக்கம் பார்மசியில் வேலை பார்க்கிற லதீபா காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, நிப்பாட்டுங்களேன்," என்றாள்.

நல்லையா கண்ணாடி வழியாகச் சுகந்தினியைப் பார்த்தார். "என்னா புள்ள, நிப்பாட்டிட்டியா?"

விசில் அப்போது உச்சத்தில் இருந்தது.

சுகந்தினி விசிலை நிறுத்தினாள். திரும்பவும் ஒரு முறை ஓடவிட்டாள். இந்த முறை சத்தத்தைக் கவனிக்காமல் அவர் முகத்தைக் கவனித்தாள். நடுச் சத்தம் தாண்டியதுமே அவர் பாட்டை எதிர்பார்த்து ரேடியோவைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். வேனுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "மாமா, உங்க சாவி கீழ விழுந்து கிடக்கு," என்றாள். அவர் அசையவில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. அவர் வைப்பரைப் போட்டு அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவள் கூலியை வாங்கிக்கொண்டாள். வேனைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மூன்று தடவை அந்த மனிதர் சத்தம் பத்தவில்லை என்று வந்திருக்கிறார். மூன்று தடவையும் அவள் கூடுதல் சத்தத்தை விற்றிருக்கிறாள். என்ன பாட்டு, எந்தப் பெட்டரி என்றெல்லாம் கேட்கிறவளுக்கு, ஏன் பத்தவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. சோறு பிசையும்போதும் அதே யோசனையாக இருந்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அவள் டவுன் முச்சந்தியில் போய் நின்றாள். நல்லையாவின் வேன் தோட்ட ரோட்டிலிருந்து இறங்கி மெயின் ரோட்டுக்குத் திரும்பியது. அவிசாவளைப் பக்கமிருந்து வந்த தனியார் பஸ் ஒன்று தூரத்திலிருந்தே ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. வேன் நிற்காமல் திரும்பியது. பஸ்காரன் பிரேக் போட்டு, ஜன்னலால் தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கத்திவிட்டுப் போனான். வேனுக்குள் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லையா நேரே பார்த்து ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று ஸ்கூல் விடுகிற நேரத்துக்கு அவள் கடையைச் சாத்திவிட்டுப் போனாள். வேன் கேட்டுக்கு வெளியே மர நிழலில் நின்றது. முன் சீட்டில் ஏறி, அவர் பக்கம் திரும்பி, வாயைத் தெளிவாக அசைத்துச் சொன்னாள்.

"மாமா, உங்களுக்குக் காது கேக்கல."

"யாரு சொன்னா?"

"நேத்து நான் விசில் ஓடவிட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன லதீபா காதப் பொத்திக்கிட்டா. நீங்க நிப்பாட்டிட்டியான்னு கேட்டீங்க. இன்னைக்கு முச்சந்தியில பஸ்காரன் ஹோர்ன் அடிச்சான். நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"நீ ஸ்பீக்கர் விக்கிற புள்ளயா, டாக்டரா?"

"டாக்டர் இல்ல மாமா. அதான் டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்றேன்."

"பதினோரு வருஷம் ஓட்டுறேன். ஒரு கோழி மேல ஏத்தினது இல்ல."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சா இறங்கு. புள்ளைங்க வருது."

இறங்குவதற்கு முன்னால் அவள் சொன்னாள்: "ஒரு கிழம பாப்பேன். நீங்க போகலன்னா அனுஷியாகிட்ட சொல்லுவேன்."

அவர் போகவில்லை. எட்டாவது நாள் சுகந்தினி தோட்டத்துக்கு நடந்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே போகிற அந்த ரோடு அவளுக்குப் புதிது இல்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு இடத்தில் நின்று, திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். அனுஷியா தோட்டத்து முன்பள்ளி டீச்சர். விஷயத்தைக் கேட்டதும் அவள் அதிர்ச்சி அடையவில்லை. கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்தாள்.

"டிவி சத்தத்த நாங்க பழகிக்கிட்டோம் அக்கா," என்றாள். "குசினியிலருந்து கூப்பிடுறத நான் எப்பவோ நிப்பாட்டிட்டேன். பக்கத்துல போயி தோளத் தொட்டுத்தான் கூப்பிடுவேன். ஏன் அப்படி செய்றேன்னு நான் யோசிச்சதே இல்ல."

அனுஷியா அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வருஷக்கணக்காக மெஷின் சத்தத்தில் நின்றதால் காது நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, போனது திரும்பாது, காதில் மாட்டுகிற கருவி வைத்தால் ஓரளவு கேட்கலாம் என்று டாக்டர் சொன்னார். அது கிடைத்துப் பழகி, மறுபடி சோதித்துப் பார்க்கும் வரைக்கும் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்றும் சொன்னார்.

ஐந்து மாதம் வேன் லயத்துக்கு முன்னால் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. பதினாலு பிள்ளைகளில் சிலர் வேறு வேனுக்கு மாறினார்கள், சிலர் பஸ்ஸில் போனார்கள். நல்லையா டவுனுக்கு வந்தால் கடை இருக்கிற பக்கம் நடக்க மாட்டார். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போவார். "சுகந்தினிகிட்ட செட் போடப் போனா காதையும் சோதிச்சு வண்டியையும் பறிச்சுப்புடுவா," என்று த்ரீவீல் பார்க்கில் ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டு பேர் வேலையை அவிசாவளைக்குக் கொண்டு போனார்கள்.

பிரதாப்பிடம் போனில் சொன்னபோது அவன், "நம்ம வேல செட் போடுறதுதானே," என்றான்.

"ஆமா. போட்ட செட்ட கேக்க காது இல்லன்னா நான் என்னத்துக்குப் போடணும்?" என்றாள்.

அவன் பேச்சை மாற்றி, மகள் ஷாமிளாவின் படிப்பைப் பற்றிக் கேட்டான்.

ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், அவள் அந்த விசிலைத் தனக்கே ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. போனைப் பார்த்தால் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஷாமிளாவைக் கூப்பிட்டு, கேட்கிறதா என்றாள். "கேக்குதே அம்மா, காதக் குத்துது," என்றாள் பிள்ளை. வயதுக்கு இப்படித்தான் குறையுமோ, நாலு வருஷமாகச் சப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததாலோ, அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பெரிய செட் சோதிக்கும்போது காதில் பஞ்சு வைத்தாள். பஞ்சு போதாது என்று லதீபா சொன்னதும், ஹார்ட்வெயார் கடையில் தகடு வெட்டுகிறவர்கள் மாட்டுகிற காது மூடியை வாங்கிக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் டொல்பின் வேன் கடை முன்னால் வந்து நின்றது. நல்லையா ஓட்டிக்கொண்டு வந்தார், பக்கத்தில் அனுஷியா. இரண்டு காதுக்குப் பின்னாலும் தோல் நிறத்தில் கருவி. திரும்பச் சோதித்துவிட்டார்கள், ஓட்டலாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்று அனுஷியாதான் சொன்னாள். காலை ட்ரிப்புக்கு அவளும் கூடவே வருகிறாளாம்.

நல்லையா சுகந்தினியைப் பார்க்காமல், "டேஷ்போட்டுக்குக் கீழ ஏதோ லூஸா அடிக்குது. ரெண்டு நாளா டிக்கு டிக்குன்னு சத்தம்," என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்து கேட்டாள். பிறகு கையை நீட்டி சிக்னலை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. திரும்பப் போட்டாள்.

"சிக்னல் லைட் மாமா. எல்லா வண்டியிலயும் அடிக்கும்."

நல்லையா தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார், நிறுத்தினார், மறுபடி போட்டார். "வாங்கின காலத்துல அடிச்சிச்சு," என்று மட்டும் சொன்னார்.

பிறகு பாட்டைப் போட்டார். போட்ட வேகத்தில் நிறுத்தினார். கை காதுக்குப் போய்விட்டது. "இப்படியா கத்திக்கிட்டு இருந்துச்சு? ஸ்கூல் விட்டு வர்றப்போ புள்ளைங்கள வச்சுக்கிட்டும் ரெண்டொரு நாளு போட்டிருக்கேன்."

அவள் அம்பைத் திறந்து, தான் முறுக்கி வைத்திருந்ததையெல்லாம் குறைத்தாள். மறுபடி போட்டபோது அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கருவி வழியாகப் பாட்டு தகர டப்பாவில் பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். பழகினால் சரியாகும் என்று டாக்டர் சொன்னதாக அனுஷியா சொன்னாள். நல்லையாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "கதவு ஸ்பீக்கர் இருக்கட்டும். சப்பக் கழட்டிரு. புள்ளைங்க பை வைக்க இடம் ஆகும்," என்றார்.

"நானே போட்டத நானே கழட்டுறேன், கூலி வேணாம் மாமா."

"கூலி கூலிதான். வாங்கிக்க."

அவள் பெட்டியைக் கழற்றி வெளியே வைத்தாள். தரைத் தகட்டில் நாலு ஆணித் துளை இருந்தது. ரோட்டுத் தண்ணீர் ஏறாமல் இருக்கத் துளைகளைச் சிலிக்கன் வைத்து அடைக்கத் தொடங்கினாள். அனுஷியா எதிர்ப்பக்கம் மருந்து வாங்கப் போயிருந்தாள். நல்லையா வந்து பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்கிட்ட சொன்னது சரி," என்றார். "மகள்கிட்ட போயி சொன்னது எனக்குப் பெரிய அவமானமா போச்சு, சுகந்தி. தோட்டமே பேசுச்சு."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சும் செஞ்ச."

"ஆமா."

அவர் குனிந்து அடைத்த துளைகளைப் பார்த்தார். சிலிக்கன் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அரை மணித்தியாலம் போதும் என்றாள். அவர் கடைக்குள் வந்து, பிரதாப் உட்கார்ந்து சீட் தைத்த பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அடுத்த வேலையை எடுத்தாள், ஒரு த்ரீவீலின் ஸ்பீக்கர் வயர். முதுகைக் காட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "பிளேன்டீ குடிக்கிறீங்களா மாமா?" என்று கேட்டாள்.

"சீனி கொஞ்சமா போடு," என்றார் நல்லையா.