மாக்கோலம் போட்டதற்கு வந்த சோதனை

மாட்டுங்காவில் ஒற்றை அறைக் குடித்தனம் எங்களுடையது. ரேஷனில் கிடைக்கிற அரிசி போதாமல், வெளியே விலை கேட்கவும் பயந்துகொண்டிருந்த காலம். பொங்கலன்று, வண்டு விழுந்து மக்கிப்போன ரேஷன் அரிசியைக் கொட்ட மனமில்லாமல் ஊறவைத்து அரைத்து, வாசலை அடைத்து மாக்கோலம் போட்டேன்.

மத்தியானமே ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். “சாவல் கிதர் சுபாயா?” அரிசியை எங்கே பதுக்கியிருக்கிறாய் என்று அதட்டல். கார்டைப் பிடுங்கிவிடுவாரோ என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். கட்டிலுக்கு அடியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் தேடினார். முறத்தில் மிச்சமிருந்த வண்டு அரிசியைக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

போட்டுக்கொடுத்தது பக்கத்து அறை மாமி. குழாயடியில் கேட்டேவிட்டேன்.

“ஆமாண்டி, நான்தான் சொன்னேன். எங்காத்துல நாலு நாளா வெறும் சப்பாத்தி. நீ அரிசியை வாசல்ல கொட்டி அழகு பார்க்கறே!”

“அது வண்டரிசி மாமி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

“வண்டரிசின்னா என்ன? எனக்குக் கொடுத்திருந்தா பொறுக்கிட்டு வடிச்சிருப்பேன்” என்றாள் மாமி.

இப்போது கடையில் விற்கிற கல்பொடியில்தான் கோலம் போடுகிறேன். அரிசி புடைப்பதைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன். என் வாசலுக்கு எறும்பும் வருவதில்லை, மாமியும் வருவதில்லை.